மாக்கல் சிலையில் மணிக்கட்டு முறிந்தது: ஒட்டலாமா, மாற்றலாமா?

ஈசூன்வாசி: வணக்கம். சமூக மன்றக் கண்காட்சிக்குக் குழலூதும் கண்ணன் செதுக்குகிறேன். மாக்கல், 10×10×20 செ.மீ. குழலுக்கும் மார்புக்கும் இடையே குடையும்போது இடது மணிக்கட்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே இன்னும் முழுக்கல்தான். சிங்கப்பூர் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, மெஷின் கிடையாது. ஒட்டினால் நிற்குமா? சமையல் மேடைக்குப் போட்டு மிஞ்சின குவார்ட்ஸ் துண்டில் பீடம் செய்யலாமா?

உளிச்சத்தம்: முதல்ல முறிஞ்ச முகத்தைப் பாருங்க. புதுசா, சுத்தமா இருந்தா அடிபட்டு உடைஞ்சது. பழுப்பாக் கறை படிஞ்சிருந்தா பழைய விரிசல். கல்லை முழுசா நனைச்சு வச்சிடுங்க. மேலே காயக் காய, விரிசல் மட்டும் கறுப்புக் கோடா ஈரத்தோட நிக்கும். அந்தக் கோடு உடம்புக்குள்ள ஓடினா இந்தக் கல்லே வேணாம்.

அடிபட்டதுன்னா, குடைஞ்ச வரிசைதான் தப்பு. குழலுக்குப் பின்னால 1 செ.மீ. கல்லைப் பாலம் மாதிரி விட்டுட்டு முகம், கால், பீடம் எல்லாம் முடிக்கணும். பாலத்தைக் கடைசியா எடுக்கணும், அதுவும் ஊசி அரத்தால மட்டும். உளியை நேர் செங்குத்தா வச்சா அதிர்வு உள்ளே இறங்கும். சாய்ச்சு, கல் தடிமனா இருக்கிற பக்கம் பார்த்து அடிங்க. பழைய ஜீன்ஸ் காலில் மணல் நிரப்பி ரெண்டு முனையும் தைச்சா நல்ல மெத்தை. கீழ் வீட்டுக்குச் சத்தமும் குறையும்.

கல்பொடி: ஒட்டினா நிக்கும். 2 மி.மீ. ஸ்டெயின்லெஸ் கம்பி, ரெண்டு பக்கமும் 8 மி.மீ. ஆழத்துக்குத் துளை, மெதுவா இறுகுற எப்பாக்சி (ரெண்டு பொருளைக் கலந்து போடுற பசை). 5 நிமிஷ வகை வேண்டாம், துளையைச் சரிபார்க்கவே நேரம் பத்தாது. ஆனா மெழுகு பூசினதும் ஒட்டுக்கோடு தெரியும், கண்காட்சி விளக்கில் இன்னும் நல்லாவே தெரியும். மார்புப் பக்கம் கல் மிச்சம் இருந்தா கையை 1.5 செ.மீ. உள்ளே தள்ளி, குழலை மார்போடு சேர்த்தே விட்டுடுங்க. நான் அதைத்தான் சொல்வேன்.

உளிச்சத்தம்: சரிதான். தனியா நிக்கிற குழலை இந்த அளவில் 8 மி.மீ.க்குக் கீழே மெலிசாக்கவும் வேண்டாம்.

ஈரத்துணி: குவார்ட்ஸைத் தொடாதீங்க. அது பிசின் சேர்த்துச் செஞ்ச செயற்கைக் கல், 90 விழுக்காட்டுக்கு மேலேயும் சிலிக்கா இருக்கலாம். அந்தத் தூசி நுரையீரலைத் தழும்பாக்கும். ஆஸ்திரேலியா 2024 ஜூலை 1 முதல் அந்தக் கல்லையே தடை செய்திருக்கு. பீடத்துக்கு மரம் போதும்.

மாக்கல் தூசியும் லேசுப்பட்டது இல்லை. சில கல்லில் ஆஸ்பெஸ்டாஸ் நார் கலந்திருக்கும். ஈரமா அராவுங்க, பி100 வடிகட்டி வச்ச முகக்கவசம் போடுங்க (ஆஸ்பெஸ்டாஸுக்கு என்95 பத்தாது), மின்விசிறியை நிறுத்துங்க. பெருக்காம ஈரத்துணியால துடைங்க. சேற்றுத் தண்ணியை சிங்கில் ஊத்தினா குழாய் அடைக்கும். ராத்திரி வாளியில் தெளியவிட்டு, அடிச்சேற்றைப் பையில் கட்டிப் போடுங்க.

கல்பொடி: உப்புத்தாள் 120, 220, 400, 600, எல்லாம் தண்ணியோட. 120 போட்ட கீறல் முழுசாப் போகாம 400க்குத் தாவினா, மெழுகு ஏறினதும் ஒவ்வொரு கீறலும் வெள்ளையா எழுந்து நிக்கும்.

ஈசூன்வாசி: நனைத்துப் பார்த்தேன், கோடு இல்லை. மார்பில் 2 செ.மீ. மிச்சம் இருக்கிறது, உள்ளே தள்ளிவிடுகிறேன்.