400 ரூபாய் ஆயிலா, 950 ரூபாய் ஆயிலா? போட்டுப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

கிக்கர் உடைந்தவன், மதுரை

வண்டி 125 சிசி பைக், ஆறு வயது, 58,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை 400 ரூபாய் மினரல் இன்ஜின் ஆயில்தான் (கச்சா எண்ணெயைச் சுத்திகரித்து எடுக்கிற சாதா வகை), 3,000-க்கு ஒரு முறை மாற்றிவிடுவேன். மூன்று மாதத்துக்கு முன் ஸ்பேர்ஸ் கடைப் பையன், "அண்ணே, ஃபுல்லி சிந்தெடிக் போட்டுப் பாருங்க, வெண்ணெயா ஓடும்" என்று, செயற்கையாகத் தயாரித்த உசத்தி ஆயில் என்ற பெயரில் விற்கும் 950 ரூபாய் டப்பாவை எடுத்து நீட்டினான். ஆசைக்கு வாங்கிப் போட்டேன். பொய் சொல்லக்கூடாது, முதல் 500 கிலோமீட்டருக்கு வித்தியாசம் தெரிந்தது. சிக்னலில் நியூட்ரல் தேடிக் காலால் உதைக்கிற வேலை இல்லை. மைலேஜுக்கு மூன்று தடவை டேங்க் நிரப்பிக் கணக்குப் போட்டேன், 54 இருந்தது 55 ஆனது, அதுவும் ஆயிலாலா, புது ஆயில் என்று நான் பொத்திப் பொத்தி ஓட்டியதாலா தெரியவில்லை. 2,500 தாண்டியதும் கியரில் பழையபடி கடக் கடக். அப்போ அந்தக் கூடுதல் 550 ரூபாய் எங்கே போனது?

பழைய லேத்காரர், கோவை

கியர்பாக்ஸில் போனது தம்பி. காரில் கியருக்குத் தனி எண்ணெய். பைக்கில் இன்ஜின், கிளட்ச், கியர் மூன்றும் ஒரே எண்ணெயில் குளிக்கின்றன. சூட்டில் எண்ணெய் ரொம்ப நீர்த்துவிடாமல் இருக்க நீளமான பாலிமர் சேர்ப்பார்கள், கியர் பல் ரெண்டுக்கும் நடுவில் மாட்டி அது கொஞ்சம் கொஞ்சமாக அறுந்துபோகும். சிந்தெடிக்கில் பொதுவாக அந்தப் பாலிமர் குறைவாகவே தேவைப்படும், அதனால் கூடுதல் நாள் தாங்கும், ஆனால் தப்பிக்காது.

கணக்கையும் போட்டுப் பாருங்கள். 12,000 கிலோமீட்டருக்கு மினரல் நாலு தடவை, 1,600 ரூபாய். சிந்தெடிக்கை 6,000 வரை இழுத்தாலும் ரெண்டு தடவை, 1,900. நீங்கள் பழக்கதோஷத்தில் அதையும் 3,000-த்துக்கு ஒரு தடவை மாற்றினால் 3,800! ஆபீஸ் போய் வரும் காற்றில் குளிரும் சின்ன இன்ஜினுக்கு இது தண்டம் என்பது என் கட்சி. இன்னொன்று, சிந்தெடிக்கின் பெரிய பலங்களில் ஒன்று மைனஸ் டிகிரிக் குளிரில் உறையாமல் ஓடுவது. மதுரையில் அந்தக் குளிருக்கு எங்கே போவது?

கொல்லிமலை ரிட்டர்ன், நாமக்கல்

என் கதையைக் கேட்டால் சிரிப்பீர்கள். காருக்கு ஆயில் மாற்றியபோது நாலு லிட்டர் கேனில் 900 மில்லி மிஞ்சியது. உசத்தியான 5டபிள்யூ-30 (எண்ணெயின் கெட்டித்தன்மையைச் சொல்லும் கிரேடு) ஃபுல்லி சிந்தெடிக், என் பைக் குடிக்கிற அளவும் கிட்டத்தட்ட அதேதான். காருக்கே போடுகிறோம், பைக்குக்கு என்ன என்று ஊற்றிவிட்டேன். ஊருக்குள் ஒன்றும் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு மனைவியைப் பின்னால் வைத்துக்கொண்டு காரவள்ளியிலிருந்து மலை ஏறினேன். எழுபது கொண்டை ஊசியில் பத்தோ பதினொன்றோ தாண்டியிருப்பேன், ரெண்டாவது கியரில் ஆக்சிலேட்டர் முறுக்கினால் சத்தம் மட்டும் ஏறுகிறது, வண்டி நின்ற இடத்திலேயே முக்குகிறது. கருகின வாசனை வேறு. மனைவி இறங்கி நடக்க, நான் ஓரமாக உருட்ட, பின்னால் வந்த பால் வண்டிக்காரர் ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள்.

கார் ஆயில் பலவற்றில் பெட்ரோல் மிச்சமாகட்டும் என்று உராய்வைக் குறைக்கும் சரக்கு சேர்த்திருப்பார்களாம். பைக் கிளட்ச் எண்ணெய்க்குள்ளேயே இருந்து உராய்வால்தான் பிடிக்கிறது. டப்பாவின் பின்பக்கம் ஜாஸோ எம்ஏ அல்லது எம்ஏ2 (பைக் ஆயிலுக்கான ஜப்பான் தரக்குறி) என்று இருக்கிறதா பார்க்க வேண்டும் என்று மெக்கானிக் அப்புறம்தான் சொன்னார். கிளட்ச் பிளேட், கூலி எல்லாம் சேர்த்து 1,400. மிச்சம் பிடித்த ஆயிலின் விலை அது.

டிக்கியில் காய்கறி, திருச்சி

கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு அதே ஜாஸோவில் எம்பி. அதில் கிளட்ச் எண்ணெயில் நனையாது, பயமில்லை. நான் மினரல்தான், 40,000 தாண்டியாச்சு.

ராத்திரி டிரிப், சென்னை

கால் டாக்சி ஓட்டுகிறேன், பிஎஸ்6 புகை விதிப்படி வந்த டீசல் கார். எனக்கு இதில் விவாதமே இல்லை அண்ணே. இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளுகிற டர்போ சுற்றுவது நிமிஷத்துக்கு லட்சம் தடவைக்கு மேல், அதன் ஷாஃப்ட் ஒரு மெல்லிய எண்ணெய்ப் படலத்தில்தான் மிதக்கிறது. பைபாஸில் விரட்டிவிட்டு டக்கென்று சாவியைத் திருப்பினால் அந்தச் சூட்டில் சாதாரண எண்ணெய் கரியாகிப் படியும். சைலன்சர் பக்கம் டிபிஎஃப் என்று புகைக்கரி பிடிக்கிற வடிகட்டி வேறு, சாம்பல் குறைவான ஆயில் போடாவிட்டால் அது நாளாக நாளாக அடைக்கும். கூட ஓட்டுகிற பையன் 1,200 ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று ஏதோ ஒரு ஆயில் ஊற்றினான், ரெண்டு சர்வீஸ் கழித்து வார்னிங் லைட் எரிந்து மூன்று நாள் வண்டி ஷெட்டில். மூன்று நாள் டிரிப் காசு எவ்வளவு என்று ஓட்டுகிறவனுக்குத் தெரியும். வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் போட்டிருக்கிற ஆயில், 10,000-க்கு ஒரு தடவை, அவ்வளவுதான்.

டிப்ஸ்டிக், சேலம்

சிந்தெடிக் என்ற சொல்லையே நம்ப வேண்டாம். 1999-இல் அமெரிக்காவில் மொபிலுக்கும் காஸ்ட்ராலுக்கும் இதில் தகராறு. கச்சா எண்ணெயையே கடுமையாகச் சுத்திகரித்து எடுக்கும் குரூப் 3 ஆயிலை சிந்தெடிக் என்று விளம்பரம் செய்யலாமா என்பதுதான் கேள்வி. விளம்பரங்களை ஆராயும் அமைப்பு செய்யலாம் என்றது. இன்று அந்தப் பெயரில் விற்பதில் நிறைய குரூப் 3 தான். மோசமில்லை, நல்ல ஆயில்தான். ஆனால் முன்பக்கம் தங்க எழுத்தில் இருப்பதை விட்டுவிட்டு, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் ஏபிஐ தரக்குறி எஸ்என்னா, அதைவிடப் புதிய எஸ்பியா, எந்த கிரேடு என்பதைப் படிக்க வேண்டும்.

அதைவிட முக்கியம், டப்பாவுக்குள் இருப்பது அசல்தானா? விலை கூடக் கூடப் போலிக்காரனுக்கும் லாபம். எனக்கு ஒரு கடையில் 900 ரூபாய் டப்பா கொடுத்தார்கள், 800 கிலோமீட்டரில் டிரெயின் நட்டைக் கழற்றினால் ரசம் மாதிரி ஓடியது. அதிலிருந்து காலி டப்பாவை ஒர்க் ஷாப்பில் விட்டுவருவதில்லை, நாலு இடத்தில் ஸ்குரூ டிரைவரால் குத்திவிட்டுத்தான் வருவேன். நம் டப்பாவிலேயே எதையாவது ஊற்றி நமக்கே விற்பான்.

கிக்கர் உடைந்தவன், மதுரை

எல்லாருக்கும் நன்றி. இன்று காலை புத்தகத்தைத் தேடி எடுத்துப் பார்த்தேன், 10டபிள்யூ-30, ஜாஸோ எம்ஏ, அவ்வளவுதான் இருக்கிறது, சிந்தெடிக் என்ற வார்த்தையே காணோம். 410 ரூபாய்க்கு மினரல் வாங்கி நானே மாற்றினேன், டப்பாவையும் குத்தியாச்சு. ஆனால் டிரெயின் நட்டின் வாஷரை மாற்ற மறந்துவிட்டேன், சாயங்காலம் பார்த்தால் தரையில் ஐந்து ரூபாய் காசு அளவுக்கு எண்ணெய். ஊற்றின ஆயிலை வடிக்காமல் வாஷரை மட்டும் மாற்ற வழி இருக்கிறதா? வண்டியைச் சாய்த்துப் போட்டால் ஆகுமா?