காட்டெருமையா, காட்டு மாடா? நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

குன்னூரிலிருந்து:
'தேயிலைத் தோட்டத்தில் காட்டெருமை' என்ற செய்தி எங்களுக்குப் பழகிப்போன ஒன்று. ஆனால் கொழுந்து பறிக்கும் பெண்கள் யாரும் எருமை என்பதில்லை. "மேல் காட்டில் மாடு நிற்கிறது, அந்தப் பக்கம் போகாதீர்கள்" என்பார்கள். அவர்கள் சொல்வதே சரி. அது மாட்டினம். முழங்காலுக்குக் கீழே நான்கு காலும் வெள்ளைக் காலுறை போட்டதுபோல் வெளுத்திருக்கும். கொம்பின் அடி மஞ்சள், நுனி கறுப்பு. தோளிலிருந்து முதுகின் பாதிவரை ஒரு மேடு. எந்த எருமைக்கு இதெல்லாம் உண்டு? அசல் காட்டெருமையைப் பார்க்க அசாமுக்கோ சத்தீஸ்கருக்கோ போக வேண்டும்.

போன மழைக்காலத்தில் பஸ் பிடிக்கத் தோட்டப் பாதையில் இறங்கினேன். வளைவில் ஒரு கறுத்த காளை, ஒரு டன்னுக்குக் குறையாது. எங்களைப் பார்த்ததும் உடம்பைக் குறுக்காகத் திருப்பிக்கொண்டு, தலையைத் தாழ்த்தி, விறைத்து நின்றது. சுற்றுலா வந்த இளைஞர் ஒருவர் "படத்துக்கு நிற்கிறது பாருங்கள்" என்று செல்போனை நீட்டியபடி முன்னே போனார். பக்கவாட்டில் நின்று தன் பருமனைக் காட்டுவதுதான் அதன் மிரட்டல். அவர் சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு, முதுகு காட்டாமல் பின்வாங்கினேன். புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது பாருங்கள், செல்போன் தானாகப் பைக்குள் போய்விட்டது!

ஊட்டியிலிருந்து:
இங்கே குழப்பம் இரட்டிப்பு. புல்வெளியில் நீலகிரிப் பழங்குடிகளான தோடர்களின் வளர்ப்பு எருமைகள் மேய்கின்றன. அகன்று விரிந்து பிறைபோல் வளைந்த கொம்பு, சாம்பலோ வெளிர்பழுப்போ கலந்த நிறம். அவற்றைக் கண்டு "ஐயோ, காட்டெருமை!" என்று காரைத் திருப்பிக்கொண்டு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன். தோடர்களுக்குப் பால்கூடமே கோயில், அந்த எருமைகள் அவ்வளவு மதிப்புள்ளவை. காட்டு மாட்டை எருமை என்பதும், வீட்டு எருமையைக் காட்டு விலங்கு என்பதும் இந்த ஊரில்தான் நடக்கும். ஆனால் ஒன்று, முன்பின் பழகாதவர்களைத் தோடர் எருமையும் முட்ட வரும். காரைத் திருப்பியதில் மட்டும் தவறில்லை.

கொடைக்கானலிலிருந்து:
நீங்கள் சொல்வது சரிதான், ஆனாலும் நான் காட்டெருமை என்றுதான் சொல்வேன். இங்கே அவை தெருவிலேயே நடக்கின்றன. போன வாரம் எங்கள் வாசலில் ஒன்று நின்று கேரட் தோலை நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது. "மாடு வந்திருக்கிறது" என்று கத்தியிருந்தால் பக்கத்து வீட்டுப் பாட்டி கம்போடு விரட்ட வந்திருப்பார். "காட்டெருமை!" என்றேன், தெரு முழுவதும் கதவைச் சாத்திக்கொண்டது. சங்கப் பாடல்களில் இதற்கு 'ஆமா' என்று அழகான பெயர் இருக்கிறது. ஆ என்றால் பசு, எருமை என்ற பேச்சுக்கே இடமில்லை. அதையே புழக்கத்துக்குக் கொண்டுவரலாம் என்று வீட்டில் ஒருநாள் "வாசலில் ஆமா!" என்று குரல் கொடுத்தேன். உள்ளேயிருந்து என் மனைவி, "ஆமாம் என்றால் என்ன அர்த்தம்? யார் வந்திருக்கிறார்கள், அதைச் சொல்லுங்கள்" என்றாள்.