புதுப்பிப்பு: நடுவில் வேகாத உருளைக்கிழங்கு ஆம்லெட் சரியானது, பியரும் பொருந்தியது

வழி சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஸ்பானிஷ் பாணியில் உருளைக்கிழங்கு போட்ட தடிமனான ஆம்லெட் அடியில் கருகி, நடுவில் குழகுழவென்று நிற்கிறது, மிளகு தூக்கலாக இருந்தால் எந்த பியர் சேரும் என்று கேட்டிருந்தேன்.

பலித்தது ஊறவைக்கும் யோசனைதான். 6 முட்டைக்கு அரை கிலோ கிழங்கு. மெல்லிய வில்லைகளாக நறுக்கி, எண்ணெயில் சிறு தீயில் மெதுவாக வேகவிட்டு, வடித்து, அடித்த முட்டையில் கால் மணி நேரம் விட்டேன். கிழங்கின் சூட்டிலேயே முட்டை லேசாகக் கெட்டிப்படுகிறது. அப்புறம் தோசைக்கல் வேண்டாம். குழிவான சின்ன நான்ஸ்டிக் சட்டி, மூடி, சிறு தீ. ஓரம் இறுகி நடு லேசாக ஆடும்போது தட்டை வைத்துக் கவிழ்த்துத் திருப்ப வேண்டும். ஓவன் யோசனையை முயலவில்லை, வீட்டில் ஓவன் இல்லை.

ஸ்ட்ராங் பியர் மிளகோடு சேர்ந்து நாக்கை எரித்தது. ஆல்கஹால் கூடினால் காரமும் கூடித் தெரியும். கோதுமை பியர்தான் ஜோடி. கசப்பு குறைவு, நுரை எண்ணெய்ப் பிசுக்கைக் கழுவிவிடுகிறது. அது கிடைக்காத நாளில் சாதா லாகரும் (வழக்கமான வெளிர் மஞ்சள் பியர்) மோசமில்லை.

எதிர்பாராத விஷயம், ஆறின ஆம்லெட்தான் அதிக ருசி. மறுநாள் நம்ம பாண்டிச்சேரி பாகெட்டுக்குள் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) வைத்துச் சாப்பிட்டோம். வெங்காயம் சேர்ப்பவர்கள் கிழங்கோடு வதக்கிவிடுங்கள், பச்சையாகப் போட்டால் தண்ணீர் விடும்.