வர்க்கமூலத்துக்குள் வந்த எதிர்க்குறி

பதினோராம் வகுப்பில் இயக்கவியல் கணக்குகள் தொடங்கிய இரண்டாம் வாரத்தில் எனக்கு நேர்ந்ததை இங்கே பகிர்கிறேன். 25 மீட்டர் உயரமுள்ள கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல்லை 20 மீ/வி திசைவேகத்தில் செங்குத்தாக மேல்நோக்கி எறிந்தால், அது தரையை அடைய எவ்வளவு நேரமாகும் என்பது வினா. புவியீர்ப்பு முடுக்கத்தை 10 மீ/வி² என்று கொள்ளச் சொல்லியிருந்தார்கள்.

இடப்பெயர்ச்சி = தொடக்கத் திசைவேகம் × நேரம் + ½ × முடுக்கம் × நேரம்² என்று எழுதினேன். முடுக்கம் கீழ்நோக்கியது என்பதால் −10 என்று சரியாகவே இட்டேன். ஆனால் இடப்பெயர்ச்சிக்கு, வினாவில் கண்ட எண்ணையே எடுத்து 25 என்று இட்டுவிட்டேன். 25 = 20 × நேரம் − 5 × நேரம்² என்பதைச் சுருக்கினால் நேரம்² − 4 × நேரம் + 5 = 0 என்று வந்தது. தன்மைக்காட்டி, அதாவது தீர்வு காணும்போது வர்க்கமூலத்துக்குள் வரும் எண், 16 − 20 = −4. வர்க்கமூலத்துக்குள் எதிர்க்குறி வந்ததும், வினாத்தாளில்தான் பிழை இருக்க வேண்டும் என்று ஆசிரியரிடம் எடுத்துச் சென்றேன்.

அவர் என் விடையை அடிக்கவில்லை. "கல் உச்சியிலிருந்து எவ்வளவு உயரம் மேலே போகும் என்று முதலில் பார்" என்றார். இறுதித் திசைவேகம்² = தொடக்கத் திசைவேகம்² − 2 × 10 × உயரம்; மிக உயரத்தில் இறுதித் திசைவேகம் சுழி; 0 = 400 − 20 × உயரம்; ஆக 20 மீட்டர். "25 மீட்டர் மேலே எப்போது போகும் என்றல்லவா நீ கேட்டிருக்கிறாய்? போகவே போகாது என்று சமன்பாடு பதில் சொல்லியிருக்கிறது" என்றார். நான் தவறென்று நினைத்த அந்த −4, நான் உண்மையில் கேட்ட கேள்விக்குச் சரியான விடையாக இருந்தது என்பதை உணர்ந்த அந்த நிமிடத்தை இன்றும் மறக்கவில்லை.

தரை கீழே இருப்பதால் −25 என்று இட்டபோது நேரம்² − 4 × நேரம் − 5 = 0; அதாவது 5 விநாடி அல்லது −1 விநாடி. எதிர்க்குறி விடையை விட்டுவிட்டு 5 என்று எழுதினேன். வேறு வழியிலும் சரிபார்க்கச் சொன்னார்: மேலே செல்ல 2 விநாடி; அங்கிருந்து 45 மீட்டர் விழ, 45 = 5 × நேரம்², ஆக 3 விநாடி; மொத்தம் 5.

*

ஐயா, உங்கள் ஆசிரியர் செய்ததைத்தான் நானும் என் வகுப்பில் செய்ய முயல்கிறேன். மணிக்கு 72 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார், 5 மீ/வி² எதிர் முடுக்கத்துடன் நிற்க எவ்வளவு தூரம் தேவை என்று கேட்டபோது, ஒரு மாணவி 72-ஐ அப்படியே வர்க்கப்படுத்தி 2 × 5 = 10 ஆல் வகுத்து, 518.4 மீட்டர் என்று எழுதியிருந்தாள். பிரேக் பிடித்த கார் அரைக் கிலோமீட்டர் ஓடுமா என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்து, 72 × 1000 ÷ 3600 = 20 மீ/வி என்று மாற்றி, 400 ÷ 10 = 40 மீட்டர் என்று அவளே திருத்தினாள். 1999 செப்டம்பரில் செவ்வாயை அடைந்த நாசாவின் விண்கலம் ஒன்று, ஒரு தரப்பு பவுண்டு விசையில் தந்த எண்ணை மறு தரப்பு நியூட்டன் என்று கொண்டதால் தொலைந்ததை அன்று வகுப்பில் சொன்னேன். அதன் பிறகு எண்ணுக்குப் பக்கத்தில் அலகு எழுதாத விடைத்தாள் அந்த வகுப்பில் குறைந்தது.

*

முதலில் எழுதிய ஐயா விட்டுவிட்ட −1 விநாடியைப் பற்றி ஒன்று சொல்ல விரும்புகிறேன். கல்லூரி முதலாண்டில் அதே கணக்கைப் போட்டபோது, அதைத் தள்ளிவிடாமல் திசைவேகச் சமன்பாட்டில் இட்டுப் பார்த்தேன்: 20 − 10 × (−1) = 30 மீ/வி. எறிவதற்கு 1 விநாடி முன்பு, தரையிலிருந்து 30 மீ/வி வேகத்தில் மேலே எறியப்பட்ட ஒரு கல், கட்டடத்தின் உச்சியைக் கடக்கும்போது சரியாக 20 மீ/வி வேகத்தில் இருக்கும். அந்தக் கல் மேலே செல்ல 3 விநாடி, தரைக்குத் திரும்ப 3 விநாடி, ஆக 6 விநாடி பறக்கும். அதில் கட்டடத்தின் உச்சியை எட்டும் வரையிலான 1 விநாடியைக் கழித்தால், உங்கள் 5 விநாடி கிடைக்கிறது.