கொச்சியிலிருந்து 3 ராத்திரி கப்பல்: அஞ்சு பேருக்கு என்ன துணி, எத்தனை?

வடசேரி_மைனி:

ஜனவரி ரெண்டாம் வாரம் கொச்சியில கப்பல் ஏறுறோம். 3 ராத்திரி. நடுவுல ஒரு நாள் லட்சத்தீவுல இறக்குவாங்க. கப்பல் தள்ளி நிக்குமாம், போட்டுல கரைக்குப் போகணுமாம். மத்த நேரமெல்லாம் கப்பல்லதான். நான், வீட்டுக்காரர், பையன் 9 வயசு, பொண்ணு 4 வயசு, அத்தைக்கு 66. அத்தை சேலை தவிர வேற எதையும் தொட மாட்டாங்க. நாகர்கோவில்ல இருந்து எறணாகுளம் வரை ரயில். முந்தின நாளே போய் லாட்ஜ்ல தங்குறோம்.

இப்போதைக்குக் கட்டில்ல குவிச்சு வச்சிருக்கது: ஆளுக்கு 8 செட்டு, டர்க்கி டவல் 5, அத்தைக்குக் கஞ்சி போட்ட காட்டன் சேலை 7, அவருக்கு ஜீன்ஸ் 3, எனக்குப் பட்டுச்சேலை 2, ஒரு அயர்ன் பாக்ஸ். மூணு பெரிய பெட்டி நிறைஞ்சு மூடவே மாட்டேங்குது. எதைக் குறைக்க? எதை விட்டுட்டேன்? ராத்திரி சாப்பாட்டுக்கு கோட்டு சூட்டு வேணுமா?

தக்கலைக்காரன்:

முதல்ல அந்த அயர்ன் பாக்ஸை வெளிய எடுங்க. கப்பல்ல எல்லாரும் பயப்படுறது தீக்குத்தான். இந்த மாதிரி சூடாகுற சாமானைப் பெரும்பாலும் கேபினுக்கு விடமாட்டாங்க. ஸ்கேன்ல பிடிச்சு எடுத்து வச்சுட்டு, இறங்குற அன்னைக்குத் தருவாங்க. கெட்டில், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கதையும் இதேதான். கசங்கின சட்டையை ஹேங்கர்ல மாட்டிக் குளியலறையில தொங்கவிடுங்க. சுடுவெள்ளத்தைத் திறந்து கதவைச் சாத்தி 10 நிமிஷம் விட்டா ஆவியிலயே முக்கால்வாசி சுருக்கம் போயிரும். ஆனா பட்டுக்கும் கஞ்சிக் காட்டனுக்கும் இது எடுபடாது.

டர்க்கி டவல் அஞ்சும் வேண்டாம். குளிக்க ஒண்ணு, நீச்சல் குளத்துக்கு ஒண்ணுன்னு பெரும்பாலும் கப்பல்லயே தருவாங்க. குளத்து டவல் பல கப்பல்ல கையெழுத்துக் கணக்கு, தொலைச்சா காசு பிடிப்பாங்க. தீவுக்கு எடுத்துட்டுப் போக நம்ம ஊர் துவர்த்து, அந்த மெல்லிசுத் துண்டு, ரெண்டு போதும். உள்ளங்கையில அடங்கும், கொஞ்ச நேரத்துல காஞ்சுரும்.

செட்டு கணக்கை நாளை வச்சுப் போடாதீங்க, எத்தனை தடவை நனையும்னு பார்த்துப் போடுங்க. கப்பலுக்குள்ள முழுக்க ஏசி, வேர்வை குறைவு. சாயங்காலம் போட்ட சட்டையை மறுநாள் பகல்ல தாராளமா போடலாம். நனையிறது ரெண்டே இடம், குளமும் தீவும். பெரியவங்களுக்கு ரயில்ல போட்டுட்டு வர்றது போக 4 செட்டு தாராளம். உள்ளாடை மட்டும் 7 வைங்க, அதுல கஞ்சத்தனம் பார்க்காண்டாம். பையனுக்கு 5. சின்னதுக்கு 6, அதுல ஒண்ணைத் தனியா ஜிப் கவர்ல போட்டு உங்க கைப்பையில வைங்க. கடல் ஆடினா முதல்ல வாந்தி எடுக்குறது பிள்ளைகள்தான், நனையப்போறது அதோட சட்டையும் உங்க தோளும். உங்களுக்கும் ஒரு மேல்சட்டை அதே கவர்ல இருக்கட்டும்.

கோட்டு சூட்டு வேண்டாம். 3 ராத்திரி கப்பல்ல அதிகபட்சம் ஒரு ராத்திரி நல்லா உடுத்திட்டு வரச் சொல்வாங்க. அவருக்குக் காலர் வச்ச முழுக்கை சட்டை, பேண்ட், மூடின ஷூ போதும். உங்களுக்கு ஒரு சேலை. பட்டு ரெண்டு எடுத்துட்டுப் போய் என்ன செய்யப் போறீங்க? மேல் தளத்து உப்புக்காத்து பட்டுலயும் ஜரிகையிலயும் படியும். ஒண்ணு கட்டியே ஆகணும்னா உள்ளேயே கட்டி உள்ளேயே அவிழ்த்துடுங்க.

குழித்துறை_அக்கா:

அத்தை சேலை விஷயம் சொல்லுதேன். இதுலதான் கவனம் வேணும்.

கஞ்சிக் காட்டன் ஏழையும் பீரோவுலயே வச்சிருங்க. கடல் ஈரத்துல கஞ்சி ஒரு மணி நேரத்துல தொவண்டுரும். நனைஞ்சா சேலை பாரமாயி காலைச் சுத்தும். பூனம், ஜார்ஜெட் மாதிரி 4, அதோட நல்லதா ஒண்ணு. ஜாக்கெட் 5. உள்பாவாடை மட்டும் காட்டன்லயே இருக்கட்டும். சாட்டின் பாவாடை மேல ஜார்ஜெட் நிக்காது, வழுக்கிட்டே இறங்கும்.

போட்டுல ஏறுற அன்னைக்குக் கட்டுற விதம் வேற. பாவாடையைக் கணுக்காலுக்கு மேல 4 விரல் தூக்கிக் கட்டணும், உள்ளே முக்கால் லெக்கின்ஸ். கொசுவத்தைக் குறைச்சு, சொருகுறதுக்கு முன்னாடி நடுவுல ஒரு பின். முந்தானையைப் பறக்க விடாம முதுகைச் சுத்தி முன்னால கொண்டுவந்து இடுப்புல இறுக்கிச் சொருகணும். லைப் ஜாக்கெட் அதுக்கு மேலதான். முந்தானை லைப் ஜாக்கெட்டுக்கு வெளியே தொங்கினா எங்கயாவது கொளுவும். கொண்டையும் கழுத்துல தாழ்த்திப் போட்டா ஜாக்கெட் காலர் முட்டும், பின்னி விட்டுருங்க.

ஏறும்போது ரெண்டு கையும் காலியா இருக்கணும். போட்டு அலையில ஏறி இறங்கிட்டே இருக்கும். ஆட்கள் முழங்கையைப் பிடிச்சு, "இப்போ"ன்னு சொல்லும்போது காலைத் தூக்கி வைக்கணும். அந்த நேரத்துல கொசுவத்தைத் தூக்க ஒரு கை, பையைப் பிடிக்க ஒரு கைன்னு நின்னா நடக்காது. பாவாடையை உயர்த்திக் கட்டச் சொல்றதே இதுக்காகத்தான்.

பின் வாங்கும்போது ஸ்டெயின்லெஸ் பார்த்து வாங்குங்க. சாதாரண ஊக்கு உப்புக்காத்துல துருப்பிடிச்சு, சேலையில ரெண்டு பழுப்புப் புள்ளி விட்டுரும். அப்படிப் பட்டா ப்ளீச் போடாதீங்க, துருக்கறை இன்னும் அழுத்தமாகும். ஓரத்துல சோதிச்சுட்டு எலுமிச்சஞ்சாறும் உப்பும் வைங்க.

அத்தைக்கு ஒரு சால்வையும் ரெண்டு ஜோடி சாக்ஸும் கண்டிப்பா. ராத்திரி நிகழ்ச்சி நடக்குற அரங்கு குளிர்ல நடுங்கும். ஸ்வெட்டர் வேண்டாம். தோவாளையில பிச்சிப்பூ வாங்கிட்டுப் போறதா இருந்தா, ஏறுற அன்னைக்கு வைக்குற அளவு போதும். மறுநாள் வாடிரும்.

மார்த்தாண்டம்_ஜவுளி:

துணி ரகம் பத்தி. அக்கா சொன்னதைக் கேட்டுட்டு எல்லாத்தையும் பாலியஸ்டரா மாத்திராதீங்க. உடம்போட ஒட்டுறது காட்டன்தான். உள்ளாடை, பனியன், பிள்ளைகள் ராத்திரி உடுப்பு இதெல்லாம் காட்டன். வெளிய போடுறது, நனையிறது மட்டும் சிந்தெடிக்.

ஜீன்ஸ் மூணுல ரெண்டை எடுத்துருங்க. மிச்சம் ஒண்ணு ரயிலுக்கு. அதையே மாட்டிட்டுப் போங்க, பெட்டியில வைக்காதீங்க. நனைஞ்ச ஜீன்ஸ் கேபினுக்குள்ள ஒரு முழு நாள் ஆனாலும் இடுப்புப்பட்டையில ஈரமா இருக்கும்.

கடல்ல நனைஞ்ச துணியை அப்படியே காயப்போட்டா காயவே காயாது. ஒரு லிட்டர் கடல்வெள்ளத்துல 35 கிராம் அளவு உப்பு. வெள்ளம் போனாலும் உப்பு நூலுக்குள்ள தங்கி, காத்துல இருக்க ஈரத்தைத் திரும்ப இழுக்கும். தொட்டா பிசுபிசுன்னு இருக்கும். வந்ததும் நல்ல வெள்ளத்துல ரெண்டு தடவை அலசுங்க. முறுக்கிப் பிழியாம, காஞ்ச டவலை விரிச்சு அதுமேல துணியைப் பரத்தி, பாய் சுருட்டுறாப்புல சுருட்டி ஏறி மிதிங்க. பாதி ஈரம் டவலுக்குப் போயிரும். அப்புறம் ஏசிக்காத்து வர்ற பக்கம் தொங்கவிட்டா நீச்சல் உடை காலையில ரெடி. பால்கனி கம்பியில போடாதீங்க. காத்து அடிச்சுட்டுப் போயிரும், கப்பல்காரங்களும் விடமாட்டாங்க.

கேபின் சுவர் பெரும்பாலும் இரும்புத்தகடு. காந்தக் கொக்கி நாலு வாங்கிட்டுப் போனா கொடி தேவையில்ல. 5 கிலோன்னு அட்டையில போட்டிருக்குறது நேரா இழுக்குற கணக்கு. சுவர்ல தொங்கவிட்டா கீழே சறுக்கும், அதுல பாதியைக்கூட நம்பாதீங்க. ஈர டவல் மாட்டினா ராத்திரி தொப்புனு விழும்.

நீச்சல் உடை பிள்ளைகளுக்கு ஆளுக்கு ரெண்டு. காலையில நனைஞ்சதை மதியம் திரும்ப மாட்டிவிட்டா தொடையில புண்ணாகும். குளத்துல காட்டன் டீஷர்ட், சாதா நிக்கரோட பல இடத்துல இறங்க விடமாட்டாங்க, நூல்பிசிறு பில்டர்ல அடைக்கும். நைலான் லைக்ரா, முழுக்கை. அது வெயிலுக்கும் நல்லது. வெள்ளைக் காட்டன் டீஷர்ட் நனைஞ்சா வெயிலை அவ்வளவாத் தடுக்காது. நிறம் ஆரஞ்சு, இல்லன்னா பளிச்சுன்னு பச்சை. நீலமும் வெள்ளையும் தண்ணிக்குள்ள பிள்ளை எங்க நிக்குதுன்னே காட்டாது. கடைக்குப் போனா எல்லாரும் எடுக்குறது அந்த நீலத்தைத்தான்! உங்க பொண்ணு இன்னும் டயப்பர் போடுதுன்னா குளத்துல இறக்க விடுவாங்களான்னு முன்கூட்டியே கேட்டுக்கோங்க, நிறைய கப்பல்ல அனுமதி இல்ல.

இன்னொண்ணு. சன்ஸ்கிரீன் பூசிட்டு வெள்ளைச் சட்டை போடாதீங்க. பல சன்ஸ்கிரீன்ல அவோபென்சோன்னு ஒரு சரக்கு இருக்கு. இரும்புச்சத்து உள்ள கிணத்து வெள்ளத்துல துவைச்சா அது காலர்ல ஆரஞ்சு மஞ்சளாக் கறை பிடிக்கும். ஊருக்கு வந்து துவைக்கும்போதுதான் தெரியும்.

வடசேரி_மைனி:

ரொம்ப உபகாரம். டயப்பர் விட்டாச்சு. இன்னும் மூணு சந்தேகம். அவர் ராத்திரி சாப்பாட்டுக்கு வேட்டி கட்டணும்னு நிக்கார், கட்டலாமா? கேபின்ல சாரமும் (கைலி) நைட்டியும்தான் எங்களுக்குப் பழக்கம், அது பரவாயில்லையா? செருப்பு எத்தனை ஜோடி?

குளச்சல்_கடற்கரை:

வேட்டி தாராளமா கட்டலாம். ஆனா ஒட்டிக்கோ வேட்டி, உள்ளே ஒரு டிரவுசர். கப்பல் 16 நாட் வேகத்துல போச்சுன்னா மணிக்கு 30 கிலோமீட்டர். காத்தே இல்லாத ராத்திரியிலயும் மேல் தளத்துல அந்தக் காத்து முகத்துல அடிக்கும், எதிர்காத்துன்னா அதோட கூடும். விவேகானந்தர் பாறையில வேட்டி பட்ட பாட்டைப் பார்த்திருப்பீங்கல்லா, அதேதான். வெளித்தளத்துக்குப் போற கதவுகள்ல சிலதுக்கு இரும்பு வாசற்படி உசரமா இருக்கும். மடிச்சுக் கட்டாம தாண்டினா தடுக்கும். மடிச்சுக் கட்டிட்டுச் சாப்பாட்டு ஹாலுக்குள்ள போனா நல்லா இருக்காது. அதனால சாப்பிட்டு முடிச்சதும் மாத்திட்டு மேல போகச் சொல்லுங்க. தொப்பிக்குத் தாடைக் கயிறு இல்லன்னா எடுக்கவே வேண்டாம். குடையும் அப்படித்தான்.

சாரமும் நைட்டியும் கேபினுக்குள்ள மட்டும். கதவைத் திறந்தா அது பொது வழி, லாட்ஜ் வராந்தா மாதிரி. சாப்பாட்டு ஹால்ல சாரம், கையில்லாத பனியன், ஈர நீச்சல் உடை மூணுக்கும் இடமில்ல. நடுராத்திரி எச்சரிக்கை மணி அடிச்சா உடுத்த உடுப்போட வெளிய வரணும், அதனால கதவுப்பக்கம் ஆளுக்கு ஒரு மேல்துணி மாட்டி வைங்க.

செருப்பு ஆளுக்கு ரெண்டு ஜோடி, மூணாவது வேண்டாம். ஒண்ணு கப்பலுக்கு: அடி ரப்பர், வரிவரியா பள்ளம் இருக்கணும். தேஞ்ச ஹவாய் செருப்பு நனைஞ்ச தளத்துல சோப்பு மாதிரி வழுக்கும். இன்னொண்ணு தீவுக்கு: குதிகாலைச் சுத்திப் பட்டை உள்ள சாண்டல். லட்சத்தீவு கரை நம்ம சொத்தவிளை மாதிரி வெறும் மணல் இல்ல, மணலுக்கடியில பவளத்துண்டு கிடக்கும், பாதத்தைக் கிழிக்கும். பட்டை இல்லாத செருப்பு முட்டளவு வெள்ளத்துல கழன்டு மிதந்துட்டுப் போயிரும். அதுக்காக உயிருள்ள பவளத்து மேல மிதிச்சு நிக்கக் கூடாது, உடைச்சு எடுத்துட்டு வரவும் கூடாது. அவரோட மூடின ஷூவை ரயில்லயே போட்டுட்டு வரச் சொன்னா கணக்கு சரியாகும்.

நீச்சல் உடை கடற்கரையில மட்டும். தீவு ஊருக்குள்ள நடக்கும்போது தோளும் முட்டும் மூடி இருக்கணும். அவங்க வழக்கம் அப்படி, நாம மதிக்கணும்.

தக்கலைக்காரன்:

ஒண்ணு விட்டுப்போச்சு. பெரிய கப்பல்ல பெட்டியைத் துறைமுகத்துலயே வாங்கிக்கிடுவாங்க. அது கேபின் வாசலுக்கு வந்து சேர சில மணி நேரம் ஆகும், சில நாள் ராத்திரிச் சாப்பாட்டு நேரம்கூட ஆகும். குளம் மதியமே திறந்திருக்கும், பிள்ளைகள் குதிக்கும், நீச்சல் உடை பெட்டிக்குள்ள இருக்கும். அதனால பிள்ளைகள் நீச்சல் உடை, அத்தை மாத்திரை, ஒரு மாத்துத்துணி, ஐடி கார்டுகள் எல்லாம் கைப்பையில. பெட்டி ரெண்டு போதும், 24 அங்குலம், துணிப் பெட்டி. பிளாஸ்டிக் பெட்டியை விடக் கட்டிலுக்கடியில சுலபமா நுழையும். ஒருத்தர் துணி ஒரே பெட்டியில வேண்டாம், ரெண்டுலயும் எல்லாருக்கும் பாதிப்பாதி வைங்க. ஒண்ணு தாமதமானாலும் யாரும் ஈரத்தோட நிக்க வேண்டியதில்ல.

கடைசி ராத்திரி இதே கதை தலைகீழ். தூங்குறதுக்கு முன்னாடி பெட்டியைக் கேபினுக்கு வெளியே வைக்கச் சொல்வாங்க, மறுநாள் துறைமுகத்துல எடுத்துக்கிடணும். உற்சாகத்துல எல்லாத்தையும் மடிச்சு உள்ளே போட்டுட்டு, காலையில நைட்டியோடயும் சாரத்தோடயும் முழிக்குறவங்க ஒவ்வொரு பயணத்துலயும் உண்டு. பெட்டியைப் பூட்டுறதுக்கு முன்னாடியே அஞ்சு பேருக்கும் காலை உடுப்பு, உள்ளாடை, செருப்பு இதெல்லாம் நாற்காலியில எடுத்து வச்சிருங்க. கொக்கியில தொங்குற ஈர நீச்சல் உடைக்கு ஒரு பிளாஸ்டிக் கவரும்.

வடசேரி_மைனி:

கட்டில் பாதி காலி. பெட்டி ரெண்டாச்சு. அயர்ன் பாக்ஸ் அலமாரிக்குப் போயாச்சு. அத்தை மட்டும் ஒரு கஞ்சிக் காட்டனை விட மாட்டேங்காங்க, ரயிலுக்குக் கட்டிக்கிடட்டும்னு விட்டுட்டேன்.