தண்ணீர் கெட்டுப்போவதை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

செய்தியில் படித்ததை ஒட்டாமல், நீங்களே பார்த்ததை எழுதினால் நன்றாக இருக்கும். நானே ஆரம்பிக்கிறேன். எனக்குத் தண்ணீர் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

கலங்கலான தண்ணீரைக் கொண்டுவருகிறவர்கள் கவலையோடு வருவார்கள். தெளிந்த தண்ணீரைக் கொண்டுவருகிறவர்கள் "சும்மா ஒரு சர்டிபிகேட்டுக்குத்தான் சார்" என்பார்கள். ரிப்போர்ட் வந்ததும் பல சமயம் தலைகீழாகிவிடும். கலங்கலில் இருப்பது வெறும் களிமண்ணாக இருக்கும், தெளிந்ததில் நைட்ரேட் இருக்கும். நைட்ரேட்டுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட அது இன்னும் கூடத்தான் செய்யும். லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று உலக சுகாதார நிறுவனம் வரம்பு வைத்திருப்பதே முக்கியமாகப் புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளை நினைத்துத்தான். அளவு மிஞ்சினால் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் குழந்தை நீலம் பாரித்துவிடும்.

ஒருவர் தன் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்தபோதே குற்றவாளி யார் என்று முடிவு செய்துவிட்டு வந்திருந்தார்: பக்கத்தில் இருக்கும் ஆலைதான். சோதித்துப் பார்த்தால் நைட்ரேட், குளோரைடு உப்பு, கோலிஃபார்ம் என்ற கிருமி மூன்றும் சேர்ந்து ஏறியிருந்தன. இந்த மூன்றும் கூட்டாக வந்தால் முதலில் கக்கூஸ் பக்கம்தான் பார்க்க வேண்டும். செப்டிக் டேங்க் எப்படி என்று கேட்டேன். "அது ரொம்ப நல்ல டேங்க் சார், கட்டினதிலிருந்து ஒரு தடவைகூட லாரி கூப்பிட்டதில்லை" என்று பெருமையாகச் சொன்னார். எனக்கு அங்கேயே விஷயம் புரிந்துவிட்டது. ஒழுங்கான டேங்க்கில் கசடு அடியில் தங்கும், சில வருடங்களுக்கு ஒருமுறை அள்ளியே ஆக வேண்டும். அள்ளவே தேவைப்படவில்லை என்றால் அடியில் தளம் போடாமல் விட்டிருக்கிறார்கள், எல்லாம் மண்ணுக்குள் இறங்கிக்கொண்டிருக்கிறது. கிணறோ அதற்குப் பள்ளத்தில் இருந்தது.

—

அண்ணே, ஆலைக்கு இதில் பங்கே இல்லை என்று யாராவது எடுத்துக்கொள்ளப் போகிறார்கள். நான் ஒரு முலாம் பூசும் ஆலையில் கழிவுநீர் சுத்திகரிப்புப் பிரிவில் ஆபரேட்டராக இருந்தவன். குரோம் கழிவு நல்ல மஞ்சளாக வரும். ஆசிட் விட்டு பி.எச். (அமில-கார) அளவை 2, 3-க்கு இறக்கி மெட்டாபைசல்பைட் என்ற உப்பைப் போட்டால் அந்த மஞ்சள் மெல்லப் பச்சையாகும், அப்புறம் சுண்ணாம்பு போட்டு 8, 9-க்கு ஏற்றினால் குரோமியம் திப்பி திப்பியாகத் திரண்டு அடியில் உட்காரும், மேலே நிற்கும் தண்ணீர் தெளிந்துவிடும். பார்க்கவே அழகாக இருக்கும், சொன்னால் சிரிப்பீர்கள்.

ஆனால் உட்கார்ந்த சேறு எங்கே போகிறது என்று ஆய்வுக்கு வருகிறவர் கேட்டதே இல்லை. அதைச் சாக்கில் கட்டி ஷெட்டுக்குப் பின்னால் அடுக்கிவைப்பார்கள். தகுதியுள்ள இடத்துக்கு அனுப்பினால் செலவு, அதனால் அடுக்கியது அடுக்கியபடியே கிடக்கும், சாக்கு வெயிலில் இற்றுப்போகும், அடுத்த மழையில் கரைந்து ஓடைக்குப் போய்விடும். குழாயில் வெளியேறுகிற தண்ணீரைப் பிடித்துச் சோதித்தால் எல்லா எண்ணும் வரம்புக்குள்தான் இருக்கும்! இன்னொன்று, கனமழை பெய்கிற ராத்திரியில் தொட்டி வால்வைத் திறந்துவிடுகிற பழக்கம். ஆற்றில் வெள்ளம் போகும்போது யார் கண்டுபிடிப்பது? இதைக் கேட்டதற்கு எனக்குக் கிடைத்த பதில், உன் வேலையைப் பார் என்பதுதான். அங்கே நான் ரொம்ப நாள் இருக்கவில்லை.

ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் நடந்ததும் ஏறக்குறைய இதேதான். பாதரசக் கழிவை விரிகுடாவுக்குள் விட்டுக்கொண்டிருந்த சிஸ்ஸோ நிறுவனம், 1956-இல் பாதரச நஞ்சால் வந்த நோய் வெளியே தெரிந்தபிறகு, 1958-இல் குழாயை ஆற்று முகத்துவாரத்துக்குத் திருப்பிவிட்டது. புதிய கரைகளிலும் ஆட்கள் விழத் தொடங்கினார்கள். 1959-இல் சுத்திகரிப்பு எந்திரம் ஒன்றையும் வைத்தார்கள், அது பாதரசத்தை நீக்குவதற்காகச் செய்யப்பட்டதே இல்லை. கழிவு 1968 வரை போய்க்கொண்டேதான் இருந்தது.

—

நான் குளத்தைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிறவன். மேலே இருவரும் நிலத்தடி நீர், குழாய் என்று எழுதியிருக்கிறீர்கள், என் அனுபவத்தில் குழாயே கிடையாது.

விடியற்காலையில் போய்ப் பார்த்தால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்தான் முதலில் சாகும். பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான், எவனோ விஷம் வைத்துவிட்டான். பங்காளித் தகராறு வரை போயிருக்கிறது. விஷம் என்றால் அதற்கு விடியற்காலை, மத்தியானம் என்ற கணக்கு ஏது? இது மூச்சுமுட்டல். தண்ணீர் பச்சைப்பசேல் என்று பாசி பிடித்திருக்கும், பகலில் வெயிலில் அந்தப் பாசியே ஆக்சிஜனை வெளியிடும், ராத்திரியில் அதுவும் மீனோடு போட்டி போட்டுக்கொண்டு உறிஞ்சும், அழுகிப்போன பாசியைத் தின்கிற கிருமிகள் மிச்சத்தை முடித்துவிடும். மீட்டரை விட்டுப் பார்த்தால் ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்குக் கீழே நிற்கும். மீனுக்கு ஐந்து மில்லிகிராமாவது வேண்டும்.

பாசிக்குத் தீனி எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனால் ஒரு ஆளைக் காட்ட முடியாது. வயலில் போட்ட உரத்தில் பயிர் எடுத்துக்கொண்டது போக மிச்சம், சலவைத்தூள் தண்ணீர், மாட்டுக்கொட்டில் கழுவிய தண்ணீர், எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம். கனடாவில் 1973-இல் ஒரு ஏரியை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் கார்பனும் நைட்ரஜனும் போட்டு, ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸும் சேர்த்தார்கள். அந்தப் பக்கம் மட்டும் பச்சையாகிப்போனது, விமானத்திலிருந்து எடுத்த படத்திலேயே தெரியும். அதற்கப்புறம் பல நாடுகளில் சலவைத்தூளில் பாஸ்பேட்டைக் குறைக்கும் சட்டங்களுக்கு இன்னும் பலம் வந்தது.

—

குத்தகைக்காரர் சொன்ன "எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம்" கணக்கில் வண்டி ஓட்டுகிறவர்களையும் சேருங்கள். எனக்கு மெக்கானிக் வேலை. தேய்ந்த டயரைக் கழற்றும்போதெல்லாம் தேய்ந்தது எங்கே போனது என்று நான் யோசித்ததுண்டு. அமெரிக்காவில் மழை பெய்த சில மணி நேரத்தில் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் செத்து மிதந்துகொண்டிருந்தன, காரணம் ரொம்ப வருடம் பிடிபடவில்லை. டயர் விரிசல் விடாமல் இருக்கச் சேர்க்கிற 6பிபிடி என்ற பொருள் ஓசோனோடு சேர்ந்து உருவாக்குகிற ஒரு ரசாயனம்தான் காரணம் என்று 2020 டிசம்பரில்தான் வெளியிட்டார்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றக்கூடாது என்று கடைப் பையன்களிடம் கத்துகிறேன், சரி, டயருக்கு யாரிடம் கத்துவது?

—

ஒரு சின்ன மறுப்பு. மனிதன் கொட்டினால்தான் மாசு என்பது போல இந்தத் திரி போய்க்கொண்டிருக்கிறது. வங்காளதேசத்தில் குளத்துத் தண்ணீரால் வயிற்றுப்போக்கு வருகிறது என்று 1970-களிலிருந்து லட்சக்கணக்கான குழாய்க் கிணறுகள் போட்டார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் வண்டல் மண்ணுக்குள் இயற்கையாகவே ஆர்சனிக் என்ற நச்சு இருந்தது, 1990-களில்தான் அதன் பரப்பு தெரிந்தது. பிறகு சோதித்துவிட்டு ஆபத்தான பம்புகளுக்குச் சிவப்பு, சரியானவற்றுக்குப் பச்சை என்று பெயிண்ட் அடித்தார்கள்.

—

பரிசோதனைக் கூடத்துக்காரன்தான் மறுபடியும். ஆர்சனிக் பற்றி எழுதியவர் சொல்வது சரி, ஏற்றுக்கொள்கிறேன். சிலர் தனிச்செய்தியில் சாம்பிள் எப்படி எடுப்பது என்று கேட்டிருந்தார்கள், பொதுவாகவே சொல்லிவிடுகிறேன். கூல்டிரிங்க் பாட்டிலைக் கழுவி எடுத்துவராதீர்கள். கிருமிச் சோதனைக்கு ஆய்வகம் தருகிற, கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும். குழாயைக் கொஞ்ச நேரம் திறந்துவிட்டுப் பிடித்து, ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுத்துவிட வேண்டும். உலோகச் சோதனைக்கு வேறு பாட்டில், அதில் நாங்களே ஆசிட் சேர்த்திருப்போம், கழுவிவிடாதீர்கள்.

ஆறு, ஓடை என்றால் வறண்ட நாளில் ஒன்று, நல்ல மழைக்குப் பிறகு ஒன்று என்று இரண்டு எடுங்கள். மழைக்குப் பிறகு மாசின் அளவு இறங்கினால் பெரும்பாலும் எங்கோ ஒரு குழாய் நாள் முழுக்க விட்டுக்கொண்டிருக்கிறது, மழைநீர் அதை நீர்த்துப்போகச் செய்திருக்கிறது. ஏறினால் நிலத்தின் மேலிருந்து அடித்துக்கொண்டு வருகிறது. ஆபரேட்டர் தம்பி சொன்ன ராத்திரி வால்வும் ஏறுகிற கணக்கில்தான் வந்து விழும், அதனால் பக்கத்தில் ஆலை இருக்கிற இடத்தில் மட்டும் உலோகங்களையும் சேர்த்துச் சோதிக்கச் சொல்லுங்கள்.