மகளின் பல்கலைக்கழகம் கேட்ட தடுப்பூசிகள்: எங்கள் அனுபவம், உங்களுடையதையும் சொல்லுங்கள்

அல்சூர் அம்மா:

மகளுக்கு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில் எம்எஸ் படிக்க இடம் கிடைத்தது. விசா, கல்விக் கடன் என்று ஓடிக்கொண்டிருந்ததில் தடுப்பூசிப் படிவம் என்று ஒன்று இருப்பதையே ஜூன் முதல் வாரத்தில்தான் கவனித்தோம். எம்எம்ஆர் (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ரூபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) 2 டோஸ், சின்னம்மை 2, கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பிக்கு 3, டிடாப் (டெட்டனஸ், தொண்டை அடைப்பான், கக்குவான் இருமலுக்கான ஊசி) 1, அப்புறம் டிபி (காசநோய்) சோதனை.

இவள் 2003இல் சேலத்தில் பிறந்தவள். அம்மா வீட்டுப் பீரோவில் இருந்த அட்டையைத் தம்பி போட்டோ எடுத்து அனுப்பினான். 9ஆம் மாதம் தட்டம்மை ஊசி, 15ஆம் மாதம் எம்எம்ஆர். இரண்டும் ஆகிவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் முதல் பிறந்தநாளுக்கு முன்னால் போட்டதை அவர்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. நம் ஊரில் தட்டம்மை சின்ன வயதிலேயே வந்துவிடும் என்பதால்தான் 9 மாதத்திலேயே போடுகிறார்கள், அதில் தவறு ஒன்றும் இல்லை. இருந்தாலும் இன்னொரு எம்எம்ஆர் போட வேண்டியதாயிற்று.

சின்னம்மைதான் பெரிய சிக்கல். 7 வயதில் கோடை விடுமுறைக்குப் பாட்டி வீட்டுக்குப் போனபோது அவளுக்கு வந்தது. வாசலில் வேப்பிலை செருகி, இளநீரும் கூழும் கொடுத்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றி முடித்தோம். எங்கள் வீட்டில் அம்மை வந்தால் டாக்டரிடம் போகும் வழக்கம் இல்லை, அதனால் ஒரு துண்டுக் காகிதம் கூட கிடையாது. எல்லாவற்றையும் அம்மை என்றே சொல்லிப் பழகியதால் அந்த வருடத்தை நான் தட்டம்மைக்கு நேராக எழுதிவிட்டேன். இங்கே பெங்களூரில், ஜெயநகரில் பார்த்த டாக்டர், "ஏம்மா, உடம்பெல்லாம் சிவந்து தடித்ததா, இல்லை நீர்க்கொப்புளமா?" என்று கேட்டுத்தான் அதைத் திருத்தினார். கொப்புளம் என்றேன். அப்படியானால் சின்னம்மைதான், ரத்தத்தில் ஐஜிஜி (அந்த நோய்க்கான எதிர்ப்புச் சக்தி) பார்த்தால் போதும் என்றார். பாசிட்டிவ் என்று வந்தது, அந்த ரிப்போர்ட்டையே இணைத்தோம், இரண்டு ஊசி மிச்சம்.

டிபிக்கு, கையில் குத்திப் பார்க்கும் மாண்டூ வேண்டாம், பிறந்ததும் போட்ட பிசிஜி என்ற காசநோய்த் தடுப்பூசியால் கூட அது தடிக்கலாம், ரத்தத்தில் பார்க்கும் ஐக்ரா செய்யுங்கள் என்று அவரே சொன்னார். எம்எம்ஆர் போட்ட அடுத்த வாரமே லேபுக்குப் போய்விட்டோம். ரத்தம் எடுக்க வந்த பெண், சமீபத்தில் ஏதாவது ஊசி போட்டீர்களா என்று கன்னடத்தில் கேட்டாள். எம்எம்ஆர் என்றதும் கையில் கட்டிய பட்டையை அவிழ்த்துவிட்டாள். அது உயிருள்ள கிருமியை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசியாம், போட்ட சில வாரங்களுக்கு டிபி இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடக்கூடும், ஊசியையும் சோதனையையும் ஒரே நாளில் செய்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 4 வாரம் பொறுக்க வேண்டும் என்றாள். பொறுத்தோம். ஜூலை கடைசியில்தான் ரிசல்ட் கைக்கு வந்தது. அந்தப் பெண்ணின் பெயரைக் கூட கேட்காமல் வந்துவிட்டேனே என்று இன்றும் வருத்தமாக இருக்கிறது.

ஹெபடைடிஸ் பி மூன்றும் அட்டையில் இருந்தன. போன வருடம் ஸ்கூட்டரில் விழுந்தபோது போட்ட டிடி ஊசி டிடாப்புக்குப் பதிலாகாது, அதில் கக்குவான் இருமலுக்கான மருந்து இல்லை.

கே.ஆர்.புரம் தம்பி:

அக்கா, 2017 பிப்ரவரியில் உங்கள் பெண் இங்கே பள்ளியில் படித்தாளா? அப்போது கர்நாடகாவிலும் தமிழ்நாட்டிலும் 9 மாதம் முதல் 15 வயதுக்குள் இருந்த பிள்ளைகளுக்கு எம்ஆர் ஊசி போட்டார்கள். எங்கள் வகுப்பையே வரிசையில் நிற்க வைத்துப் போட்டு விரலில் மை வைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் பள்ளியில் போய்க் கேட்டால் பதிவு இல்லை என்றார்கள். பதிவு கிடைத்திருந்தாலும் அதில் தட்டம்மையும் ரூபெல்லாவும்தான், பொன்னுக்கு வீங்கிக்கு அது உதவாது.

நான் போனது டெக்சாஸுக்கு, பட்டப்படிப்பு. அங்கே 22 வயதுக்குக் கீழே இருந்தால் மூளைக்காய்ச்சல் ஊசி (மெனிங்கோகாக்கல்) கட்டாயம், அதுவும் வகுப்பு தொடங்க 10 நாளுக்கு முன்பே போட்டிருக்க வேண்டும். இந்த ஊசியை எல்லா இடத்திலும் வாங்கி வைப்பதில்லை. மூன்று ஆஸ்பத்திரி அலைந்தேன், நான்காவது இடத்தில் சொல்லிவைத்து வரவழைத்துப் போட்டார்கள். முதலில் போனில் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

சிவாஜிநகர் மாமா:

வெளிநாடு போகிறவர்களுக்கு மட்டும் வருகிற தொல்லை இல்லை இது. தருமபுரியிலிருந்து அக்கா மகள் இங்கே ஒரு நர்சிங் கல்லூரியில் சேர்ந்தாள். ஹெபடைடிஸ் பி மூன்று டோஸும் போட்டதற்குச் சான்றிதழ் ஒரு வாரத்தில் வேண்டும் என்றார்கள். முதல் ஊசி, ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது என்று போடுகிற ஊசிக்கு ஒரு வாரத்தில் எங்கே போவது? ஒரு கிளினிக்கில் பழைய தேதி போட்டே எழுதித் தருகிறேன் என்றார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. நாளைக்கு வார்டில் நோயாளிக்குக் குத்திய ஊசி இவள் விரலில் குத்தினால் அந்தக் காகிதமா காப்பாற்றும்? வெளியே வந்து வேறு இடத்தில் முதல் டோஸ் போட்டு, அந்த ரசீதோடு, மீதியை உரிய நாளில் போடுகிறோம் என்று கடிதம் எழுதிக் கொடுத்தோம், ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவது டோஸ் முடிந்து ஒன்றரை மாதம் கழித்து எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்றும் ரத்தத்தில் பார்த்தோம். 10க்கு மேல் இருந்தால் போதும் என்றார் டாக்டர், அவளுக்கு நிறையவே இருந்தது.

அல்சூர் அம்மா:

தம்பி, அவள் அப்போது இங்கேதான் எட்டாம் வகுப்பு. போட்டதே எனக்கு மறந்துவிட்டது, நீங்கள் சொன்ன பிறகு கேட்டேன், அவளுக்கும் அந்த மை நினைவிருக்கிறதாம். மாமா, அந்தக் கிளினிக்கிலிருந்து எழுந்து வந்தீர்களே, நல்ல காரியம் செய்தீர்கள். சின்னவன் இப்போது பதினொன்றாம் வகுப்பு, எங்கே படிக்கப் போகிறான் என்று இன்னும் தெரியாது. நேற்றே கூட்டிப் போய் அவனுக்கு இரண்டாவது எம்எம்ஆர் போட்டு, டாக்டர் கையாலேயே தேதியை அட்டையில் எழுதி வாங்கிவிட்டேன்.